தவளை ஆபீஸ் செல்வி

இசக்கிசெல்வி எங்கே வேலை பார்க்கிறாள் என்று தாராவியில் யார் கேட்டாலும் அவள் அப்பா பிச்சையா ஒரே பதில்தான் வைத்திருந்தார். "தவளை ஆபீஸ்ல." கேட்டவர் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காவிட்டால், "ஏசி ரூம்பு வே, கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு" என்று சேர்த்துக்கொள்வார். அவர் எனக்குத் தாய்மாமா. செல்வியைக் கட்டிய பிறகு மாமனார்.

அவள் இறந்துபோன பிறகு செம்பூர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர் அவளை டீச்சர் என்று நினைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள் என்றார் ஒருவர். நான் யாரையும் திருத்தவில்லை. திருத்துவதற்கு முதலில் தவளையிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைக்கு அதற்குத் தெம்பில்லை. அவள் செய்த வேலையை, எனக்குப் புரிந்த அளவில், எழுதி வைக்கிறேன். நான் காமர்ஸ் படித்தவன். தப்பு இருந்தால் அது என்னுடையது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போது கேட்டேன், "தவளைக்குள்ள அப்படி என்னத்தட்டி தேடுத?"

"காவக்காரனத் தேடுதேன் அத்தான்" என்றாள்.

கிருமி உடம்புக்குள் நுழைந்தால் யாராவது அதைத் தொட்டுப் பார்த்து, இது வெளி ஆள் என்று சொல்ல வேண்டும். அதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. ஏற்பிகள் என்று பாடப்புத்தகத்தில் பெயர். ஒன்று பாக்டீரியாவின் வாலைக் கண்டுபிடிக்கும். இன்னொன்று பூஞ்சைக் காளானின் தோலைக் கண்டுபிடிக்கும். ஒவ்வொரு ஏற்பியையும் செய்வதற்கு ஒரு மரபணு உண்டு. தலைமுறை தலைமுறையாக மரபணுக்கள் நகலெடுக்கப்படும்போது எப்போதாவது ஒன்று தவறுதலாக இரண்டு முறை எழுதப்பட்டுவிடும். மூலம் தன் பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நகலுக்கு வேலை இல்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக மாறி, ஒன்று கெட்டுப்போகும், அல்லது புதிதாக ஒரு கிருமியை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும். கோடிக்கணக்கான வருஷத்தில் ஒரு மரபணு ஒரு குடும்பமாகிவிடும்.

"அதுக்குத் தவள என்னத்துக்கு? எலி போதாதா?"

"எலி ஒரே எடத்துல கெடக்கும். தவள தலப்பிரட்டையா இருக்கும்போது தண்ணிக்குள்ள, பெறகு தரையில. தண்ணிக் கிருமியும் தெரியணும், மண்ணுக் கிருமியும் தெரியணும். மூச்சே பாதி தோல் வழியாத்தான் விடுது. தோலு எப்பவும் ஈரம். அதுக்கு எத்தன காவக்காரன் வேணும்னு நெனைக்கிய?" என்றவள், "சாம்பாரு பொங்குது, அமத்துங்க" என்றாள்.

அவளுடைய ஆய்வகம் செம்பூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போகும் தூரம். எம்.எஸ்ஸி முடித்து ஒப்பந்த வேலையில் சேர்ந்தவள், வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து முப்பதைத் தாண்டியிருந்தாள். டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குத் தனக்கென்று ஒரு கண்டுபிடிப்பு வேண்டும் என்று காத்திருந்தாள்.

கர்ஜத் பக்கத்து வயலில், உரிய அனுமதியோடு பிடித்த ஒரு மண்ணுளித் தவளையின் ரத்தத்திலிருந்து அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்திருந்தார்கள். இது வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்து கிடந்து, மழைக்கு மட்டும் வெளியே வரும் ஜாதி. கருவி துண்டு துண்டாகத்தான் படிக்கும். துண்டுகளைக் கம்ப்யூட்டர் ஒட்டிக் கொடுக்கும். ஒட்டியதில் எது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எது உடைந்தது என்று ஒவ்வொரு மரபணுவாகக் கண்ணால் சரிபார்ப்பது செல்வியின் வேலை. எண் போட்டால் மனதில் நிற்கவில்லை என்று, அவள் பிறந்த சந்தின் ஆட்களுடைய பெயரை அவற்றுக்கு வைத்துவிடுவாள். இட்லி வியாபாரம் செய்கிற அக்கா, குழாயடியில் எல்லாரையும் விரட்டுகிற தாத்தா, எப்போதும் சண்டை போடும் இரட்டையர். உடைந்துபோன மரபணுக்களுக்கு எங்கள் சொந்தக்காரர்கள் பெயர். ஒன்றுக்கு என் பெயர் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

"வெங்கடேஷ் என்ன வேல செய்யும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாது. ஆனா எல்லாத் தவளைலயும் இருக்கு. யாரும் தூக்கிப் போடல."

அந்த மண்ணுளியைப் படித்த வருஷம் கோடையில் அவள் காத்திருந்த கண்டுபிடிப்பு அகப்பட்டது. பூஞ்சையை அடையாளம் காணும் ஒரு ஏற்பிக் குடும்பம் மற்ற தவளைகளில் இருப்பதைப்போல இந்த மண்ணுளியில் இரண்டு மடங்கு இருந்தது. மண்ணுக்குள்ளேயே கிடக்கிற பிராணிக்குப் பூஞ்சைக் காவல்காரர்கள் பெருகியிருக்கிறார்கள் என்றால் யாருக்கும் உடனே புரிகிற கதை. ஆய்வகத் தலைவர் சாய்நாத் ஸார் மகிழ்ந்துபோனார். மழைக்காலம் முடிந்ததும் பெங்களூரில் நடக்கும் கூட்டத்தில் இதைப் பேசப்போவதாகவும், இதையே வைத்து அவள் பட்டத்துக்குப் பதிவு செய்யலாம் என்றும் சொன்னார். அன்று மாலை அவள் என்னை கிங்ஸ் சர்க்கிளுக்கு வரச் சொன்னாள். மாட்டுங்காவில் அவளுக்குப் பிடித்த கடையில் நெய் தோசை தின்றோம். அடுத்த மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் நன்றாகக் கேட்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியில் மாமா வீட்டில் இருந்தோம். செல்வியின் அண்ணன் பூதத்தானுக்கு அப்போது நடை பழகிய பெண் குழந்தை. எங்கள் வழக்கப்படி அப்பாவைப் பெற்றவளின் பெயர்தான் முதல் பெண்ணுக்கு. குழந்தை ஆறுமுகத்தாய். ஆனால் பூதத்தானின் மனைவி மாரிக்கனி மாமியார் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாது. அதனால் அவளும் அவள் பிறந்த வீட்டாரும் குழந்தையை சுஷ்மா என்பார்கள். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான். பிள்ளைக்கு அப்பா வழி ஒரு பெயர், அம்மா வாயில் ஒரு பெயர்.

அன்று தடுப்பூசிக் கணக்கெடுக்கிற மராத்தி அம்மா படியேறி வந்தார். போன வாரம் இரண்டு முறை வந்து விசாரித்துப் போயிருந்தாராம். இந்த வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், ஒன்று இது, இன்னொன்று எங்கே என்று உட்காராமலே இந்தியில் கேட்டார்.

"தோ லட்கி ஹை இஸ் கர் மே. ஏக் தோ யே. தூஸ்ரி கிதர் ஹை?"

"தூஸ்ரி?" என்றார் மாமா. "நஹி தாயி, ஏக்கீ ஹை." இல்லை அக்கா, ஒன்றுதான் என்று.

"ஏக் அருமுக்தாயி, ஏக் சுஷ்மா. ஆப்னே அருமுக்தாயி போலா. ஷாம் கோ பஹூ நே சுஷ்மா போலா."

தான் சொன்ன ஆறுமுகத்தாயையும் சாயங்காலம் மருமகள் சொன்ன சுஷ்மாவையும் அந்த அம்மா இரண்டு பிள்ளைகளாக எழுதிவிட்டார் என்று மாமாவுக்குப் புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மாரிக்கனி அந்த அம்மாவிடம், "சாஸ் கா நாம் ஹை தாயி, மை கைசா போலேகா?" என்று, மாமியார் பெயரை நான் எப்படிச் சொல்வேன் என்கிற மாதிரி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். "இன்னொரு பொண்ண ஒளிச்சு வச்சிருக்கோம்னு நெனச்சிட்டாவ போல" என்று மாரிக்கனி செல்வி பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு செல்வி. புள்ள சோத்தத் தட்டி விட்டா, ஏ ஆறுமுகத்தாய், ஒனக்கு என்ன கொழுப்புன்னு நான் கத்த முடியுமா? அத்தை அடுப்படிலல்லா நிக்காவ?"

"கத்தித்தான் பாரேன்!" என்று அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"பாத்தியா?" என்றாள் மாரிக்கனி.

வீடே சிரித்தது. செல்வியும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கறிக்குழம்பு ஊற்றியபோது போதும் என்றாள். கறிக்குழம்புக்கு அவள் போதும் சொல்லி நான் பார்த்ததில்லை.

சயானில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள், "அத்தான், நானும் அந்தத் தாயி மாரி எண்ணிட்டேனோன்னு பயமா இருக்கு."

எந்த மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாகத்தான் வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் கம்ப்யூட்டர் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடும். இரண்டும் மிகவும் வித்தியாசமாக இருந்தால் சேர்க்காது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தனி மரபணுக்கள் என்று எடுத்துக்கொள்ளும். இது அவள் படித்த பாடம்தான். இப்படி இரட்டிப்பாக விழுந்ததைக் கழிப்பதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. அதையும் ஓட்டியிருந்தார்கள்.

"பெறகு என்ன?"

"அது ஒரே மாரி இருந்தாத்தானே கழிக்கும்? ஆறுமுகத்தாயும் சுஷ்மாவும் ஒரே மாரியா இருக்கு?"

பஸ் வந்தது. ஏறினோம். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு மடங்கு அத்தான். சரியா ரெண்டு மடங்கு. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்" என்றாள்.

மறுநாள் சாய்நாத் ஸாரிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. கட்டுரையின் வரைவைப் படித்துப் பார்த்த யாரும் கேட்காத கேள்வியை நீயே ஏன் கேட்கிறாய் என்றாராம். பெங்களூருக்குத் தலைப்பு அனுப்பியாகிவிட்டது. பதிவுக்கான கடைசித் தேதியும் பக்கத்தில் இருந்தது. கதை பொய் என்றால் அந்த வருஷம் அவளுக்குப் பதிவு இல்லை, ஒப்பந்தம் மட்டும்தான்.

"எப்படி நிரூபிப்பாய்?" என்று கேட்டார்.

அவளிடம் வழி இருந்தது. ரத்தம் கொடுத்த தவளை பெண். அது இன்னும் ஆய்வகத் தொட்டியில் உயிரோடு இருந்தது. அது முட்டையிட்டால் போதும். சந்தேகப்படும் இரண்டும் உண்மையிலேயே தனித்தனி மரபணுக்கள் என்றால் ஒவ்வொரு தலைப்பிரட்டைக்கும் அம்மாவிடமிருந்து இரண்டுமே வந்திருக்கும். ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகள் என்றால் ஒரு பிள்ளைக்கு இது, இன்னொரு பிள்ளைக்கு அது. ஏதாவது ஒன்றுதான் வரும்.

"மழை வரட்டும். முட்டையிட்டால் பார்க்கலாம். இடவில்லை என்றால் நான் போய்ப் பேசுவேன்" என்றார் சாய்நாத் ஸார்.

நான் அன்று வீட்டில், "அவரே விடுன்னு சொல்லும்போது விட்டுர வேண்டியதுதானேட்டி" என்றேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "இல்லாத புள்ளைக்கு ஊசி போட முடியாது அத்தான்" என்றாள்.

தவளைகளைப் பார்த்துக்கொண்டது அப்துல் வாஹித். அவரும் தாராவிக்காரர்தான், கடையநல்லூர் பூர்வீகம். பெண் தவளை தொட்டி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. மூக்கு மட்டும் தெரியும். வாஹித் பாய் குழாயில் பூவாளி மாட்டி மழை பெய்வித்தார். ஆண் தவளையை அதே தொட்டியில் விட்டார். அது ஓரமாகப் போய்ப் புதைந்துகொண்டது.

"பொண்ணு பாக்க வந்தவன் பந்தில உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்கான் தங்கச்சி" என்றாராம்.

கர்ஜத்தில் மழையன்று பதிவு செய்த தவளைக் கூச்சலை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். அதன் ஒரு பிரதி செல்வியின் போனிலும் இருந்தது. ஒருநாள் ஹார்பர் லைன் ரயிலில் பெண்கள் பெட்டியில் கைதவறி அது கத்த ஆரம்பித்து, நான்கு பேர் சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்து, "இந்தச் சவம் இன்னும் முட்ட போடல" என்றாள்.

ஜூன் பிறந்தும் வெயில் குறையவில்லை. தலைப்பிரட்டை வளர, பரிசோதனை முடிய எல்லாவற்றுக்கும் நாள் வேண்டும். வானத்தைப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. துணி எடுக்கப் போகிற மாதிரி பால்கனிக்குப் போவாள். துணி அங்கேயே காயும்.

மழை வந்தபோது மான்குர்த் முதல் குர்லா வரை தண்டவாளம் முங்கியது. ஊரே திட்டிக்கொண்டிருந்தது. செல்வி நனைந்துகொண்டே ஆய்வகத்துக்கு ஓடினாள். தகரக் கூரையில் நிஜ மழை அறைந்த சத்தத்தில் அந்த ஆண் தவளை தானாகவே வெளியே வந்து, கழுத்தை ஊதிக் கூப்பிட ஆரம்பித்திருந்தது. மறுநாள் தண்ணீரில் கறுப்புக் கறுப்பாக முட்டைகள். வாஹித் பாய் ஆய்வகம் முழுக்கப் பேரீச்சம்பழம் கொடுத்தார்.

தலைப்பிரட்டைகளின் வால் நுனியில் மயிரளவு வெட்டி எடுத்தார்கள். வால் திரும்ப வளர்ந்துவிடும். ஆய்வு முடிகிற சனிக்கிழமையும் மழை. அவள் திரும்பி வர பஸ் இருக்காது என்று என் ஆபீஸிலிருந்து நேராக அங்கே போனேன். வாஹித் பாய் என்னை உள்ளே கூட்டிப்போய் அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்.

திரையில் ஒரு படம் இருந்தது. கறுப்புப் பின்னணியில் வரிசை வரிசையாக வெள்ளைக் கோடுகள். மேலிருந்து கீழே ஓடும் ஒரு வரிசைக்கு ஒரு தலைப்பிரட்டை. அப்பாத் தவளையின் கோடு எங்கே விழும் என்று முன்பே பார்த்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். மிச்சம் அம்மாவுடையது. மேலே ஒரு கோடு விழலாம், கீழே ஒரு கோடு விழலாம்.

"ரெண்டு கோடு விழுந்தா ரெண்டு மரபணு. சரிதானே?" என்று கேட்டேன்.

"பாருங்க" என்றாள்.

முதல் வரிசையில் மேலே மட்டும். இரண்டாவதில் கீழே மட்டும். அடுத்ததிலும் கீழே. பிறகு மேலே. நான் கடைசி வரை பார்த்தேன். எந்த வரிசையிலும் இரண்டு கோடு இல்லை. அடுத்த ஜோடியின் படத்திலும் இல்லை. அவள் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனாள். இரண்டே இரண்டு ஜோடிகளில் மட்டும் எல்லா வரிசையிலும் இரண்டு கோடுகள் இருந்தன. அவை நிஜமான தனி மரபணுக்கள், ஆனால் பெருக்கம் என்று சொல்ல அது போதாது. மற்றவை எல்லாம் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியது.

சாய்நாத் ஸார் வந்தார். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, எல்லாப் படத்தையும் மறுபடி முதலிலிருந்து காட்டச் சொன்னார். அவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள்.

"பெருக்கம் இல்லை" என்றார்.

"இல்லை, ஸார்."

"பெங்களூருக்கு எழுதிவிடுகிறேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் பதிவு அடுத்த வருஷம்தான், செல்வி. ஸாரி. இரட்டிப்பாக இருப்பதையெல்லாம் அழித்துவிடு."

அவள் முதல் படத்துக்குத் திரும்பப் போனாள். "அழிக்க வேண்டாம், ஸார். சேர்த்து எழுதலாம்."

"ஏன்?"

"அம்மாவிடமிருந்து வந்ததும் அப்பாவிடமிருந்து வந்ததும் ஒரே மரபணுதான். ஆனால் இரண்டும் ஏன் இவ்வளவு வித்தியாசமாக இருக்கின்றன? வேறு இனத் தவளையில் இருக்கும் அதே மரபணுகூட இதிலிருந்து இவ்வளவு வேறுபடவில்லை. இந்த இரண்டு வடிவத்தையும் ரொம்பக் காலமாக இந்த ஜாதி கைவிடாமல் வைத்திருக்கிறது. ஒன்றை அழித்துவிட்டால் அது யாருக்கும் தெரியாது."

சாய்நாத் ஸார் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "இது வேறு கதை" என்றார்.

"இது கதையா என்றே எனக்கு இன்னும் தெரியாது, ஸார்."

அது கதையாக வெகு காலம் ஆயிற்று. வேறு வேறு ஊர் மண்ணுளித் தவளைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. பட்டம் வாங்கியபோது அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. கட்டுரை சிறியது. பெங்களூர்ப் பேச்சுக்குக் கிடைத்திருக்கக்கூடிய கைதட்டு அதற்குக் கிடைக்கவில்லை. பிற்பாடு வேறு ஆய்வகங்களிலிருந்து ஆட்கள் தங்கள் மரபணுக் குடும்பங்களை எண்ணிப் பார்க்கச் சொல்லி அவளுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் அவள் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் திருப்பி அனுப்பினாள். அதில் சிலருக்கு அவள்மேல் வருத்தம். அவள் போன செய்தி கேட்டு முதலில் போன் செய்தவர்களிலும் அவர்களில் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையின் மிச்சம்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. சாய்நாத் ஸார் போய்விட்டார். மழை விடவில்லை. வாஹித் பாய் மூன்று அரை கிளாஸ் கட்டிங் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுத் தவளை அறைக்குப் போனார். செல்வி முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"சும்மாதானே இருக்கிய? வாசிங்க" என்று இன்னொரு திரையை என் பக்கம் திருப்பினாள்.

அதில் பெயர்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. நான் வாசிக்க வாசிக்க அவள் இரண்டையும் தேடி எடுத்து ஒரே வரியில் சேர்த்தாள். இட்லி அக்காவும் அவள் நாத்தனாரும் ஒரே ஆள் ஆனார்கள். குழாயடித் தாத்தாவும் அவருடைய எதிரியும் ஒரே ஆள் ஆனார்கள். "அடப்பாவி, வாழ்நாள் முழுக்கத் தன்கூடவே சண்ட போட்டிருக்காரு" என்றாள். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அந்தச் சந்தில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. அவள் வேலையை நான் கூட உட்கார்ந்து செய்தது அந்த ஒரு சாயங்காலம்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு நேரம் நாங்கள் ஒரே திரையைப் பார்த்து உட்கார்ந்ததில்லை.

கடைசி ஜோடியை நான் வாசித்தபோது அவள் உடனே சேர்க்கவில்லை. விரல் பொத்தான்மேல் நின்றது. அதையும் சேர்த்துவிட்டால் எழுந்து கிளம்ப வேண்டியதுதான்.

"இன்னொரு தடவ வாசிங்க அத்தான்" என்றாள்.

வாசித்தேன்.